அட்வெர்ப் படிக்க எந்த வழி? நாலு வழிகளும் அவற்றின் பலன்களும்

‘ஷி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்.’ இந்த வாக்கியத்தில் எழுத்துப் பிழை இல்லை. ‘வெல்’ இருக்க வேண்டியதற்கு ‘குட்’ போட்டுவிடவும் இல்லை. ஆனாலும் வாக்கியம் தப்பு. ‘ஷி ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் வெல்’ என்றால்தான் ஆங்கிலம். அட்வெர்ப், அதாவது வினையடை, என்றால் என்ன என்று கேட்டால் விளக்கத்தையும் வகைகளையும் மூச்சுவிடாமல் ஒப்பிக்கிற பிள்ளைகள்தான் பேப்பரில் முதலில் காட்டிய தப்பு வாக்கியத்தை எழுதுகிறார்கள். பாளையங்கோட்டையில் படித்தாலும் வள்ளியூரில் படித்தாலும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை.

அவர்கள் படிக்காமல் இல்லை. படித்த வழிதான் அந்தத் தப்பு வரும் இடத்துக்குப் போகவே இல்லை. அட்வெர்ப் படிக்க இப்போது நம் பக்கத்தில் நாலு வழி புழங்குகிறது. தமிழோடு ஒப்பிட்டுப் படிப்பது, வகையும் விதியுமாகப் படிப்பது, வாக்கியத்தில் நிற்கும் இடத்தை வைத்துப் படிப்பது, கேட்டும் வாசித்தும் பிடிப்பது. நாலும் ஒரே பலனைத் தராது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் பொருந்துவது, வங்கித் தேர்வு எழுதுகிறவருக்கோ வெளிநாட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவருக்கோ அப்படியே பொருந்தாது.

தமிழ் வழி

இதுதான் மிகப் பழைய வழி, மிகச் சுலபமான வழியும்கூட. ‘நல்ல பாட்டு’ என்கிறோம். ‘நல்லாப் பாடினா’ என்கிறோம். இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் ஒரு நெடில். அந்த நெடில் ‘ஆக’ என்பது பேச்சில் தேய்ந்து வந்தது. ‘நல்ல’ பெயரைத் தழுவுகிறது, அது பெயரடை. ‘நல்லா’ வினையைத் தழுவுகிறது, அது வினையடை. ‘குட்’டும் ‘வெல்’லும் இதே ஜோடிதான். ஐந்து வயதுப் பிள்ளைகூட ‘நல்ல பாடினா’ என்று சொல்லாது. அதாவது அட்ஜெக்டிவுக்கும் அட்வெர்புக்கும் உள்ள பிரிவு அந்தப் பிள்ளையின் தலைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. அதற்கு ஆங்கிலப் பெயர் வைப்பது மட்டும்தான் வாத்தியார் வேலை.

நெல்லைப் பேச்சு இதில் இன்னும் ஒரு படி உதவுகிறது. ‘வெரசா வா’ என்கிறோம், ‘பைய வா’ என்கிறோம். ‘வெரசா’வின் கடைசியில் அந்த ‘ஆ’ ஒட்டியிருக்கிறது. ‘பைய’ எதுவும் ஒட்டாமல் தன்னந்தனியாக வினையடையாக நிற்கிறது. ஆங்கிலத்திலும் இதே இரண்டு ஜாதி உண்டு. ‘குயிக்’ என்பதோடு ‘லி’ சேர்த்தால் ‘குயிக்லி’. ‘ஃபாஸ்ட்’, ‘ஹார்ட்’, ‘லேட்’, ‘எர்லி’, ‘ஸ்ட்ரெயிட்’ ஆகியவை எதுவும் ஒட்டாமலே அட்வெர்பாக நிற்கும். ‘ஃபாஸ்ட்லி’ என்று ஒரு சொல் இன்றைய ஆங்கிலத்தில் கிடையாது. ‘பைய’யோடு ‘ஆக’ சேர்த்து ‘பையாக வா’ என்றால் நம் காதில் எப்படி விழுமோ, அவர்கள் காதில் ‘ஃபாஸ்ட்லி’ அப்படி விழுகிறது. விதியாகச் சொன்னால் மறந்துபோகிற பிள்ளை இதை மறப்பதில்லை.

இந்த வழி எங்கே கைவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் பள்ளம் ‘இரு’. தமிழில் ‘அல்வா இனிப்பா இருக்கு’, ‘பொண்ணு அழகா இருக்கா’, ‘அவன் சோகமா இருக்கான்’ என்று ‘இரு’வுக்கு முன்னாலும் ‘ஆ’ வரும். ‘ஆக’ என்றால் ‘லி’ என்று மனப்பாடம் செய்த பிள்ளை உடனே ‘தி அல்வா டேஸ்ட்ஸ் ஸ்வீட்லி’, ‘ஷி லுக்ஸ் பியூட்டிஃபுல்லி’ என்று எழுதும். ஆங்கிலத்தில் ‘இஸ்’, ‘லுக்’, ‘டேஸ்ட்’, ‘ஸ்மெல்’, ‘ஃபீல்’, ‘சவுண்ட்’, ‘சீம்’ போன்ற வினைகள் எழுவாய் எப்படி இருக்கிறது என்று சொல்லும்போது அவற்றுக்குப் பின்னால் அட்ஜெக்டிவ்தான் வரும். ‘தி அல்வா டேஸ்ட்ஸ் ஸ்வீட்.’ சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. அந்த வினையை எடுத்துவிட்டு ‘இஸ்’ போட்டுப் பாருங்கள். பொருள் கெடாமல் நின்றால் அட்ஜெக்டிவ். ‘தி அல்வா இஸ் ஸ்வீட்’ நிற்கிறது. ‘ஷி சிங்ஸ்’ என்பதில் ‘இஸ்’ போட்டால் பாடுகிற செயலே காணாமல் போய்விடும். ஆகவே அங்கே அட்வெர்ப், ‘ஷி சிங்ஸ் பியூட்டிஃபுல்லி.’

இரண்டாவது பள்ளம், தமிழில் ஒரே சொல்லாக இருப்பது ஆங்கிலத்தில் இரண்டு மூன்றாகப் பிரிவது. ‘இன்னும்’ என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ‘இன்னும் வரல’ என்றால் ‘யெட்’: ‘ஹி ஹேஸ் நாட் கம் யெட்.’ ‘இன்னும் இங்கனதான் இருக்கான்’ என்றால் ‘ஸ்டில்’: ‘ஹி இஸ் ஸ்டில் ஹியர்.’ ‘இன்னும் கொஞ்சம் சாம்பார்’ என்றால் ‘மோர்’. ‘முன்னாடி’யும் இப்படித்தான். ‘ரெண்டு நாளைக்கு முன்னாடி வந்தேன்’ என்பதை ‘டூ டேஸ் பிஃபோர்’ என்று எழுதுகிறவர்கள் ஏராளம். பேசுகிற நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் ‘டூ டேஸ் அகோ’. கதையில் நடுவே உள்ள வேறொரு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினால்தான் ‘பிஃபோர்’. ‘அகோ’ வந்தால் வினை சாதாரண இறந்தகாலத்தில் இருக்க வேண்டும். ‘ஐ ஹேவ் கம் டூ டேஸ் அகோ’ என்பது தேர்வில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லி அடிக்கடி வைக்கிற வாக்கியம்.

‘ரொம்ப’ தரும் தொல்லை வேறு மாதிரி. ‘ரொம்ப நல்லா இருக்கு’ என்பதற்கு ‘டூ குட்’ என்று எழுதுவது பழகிவிட்டது. ‘டூ’ என்றால் அளவு மீறியது, அதனால் ஏதோ கெட்டுப்போகிறது என்று பொருள். ‘டூ ஹாட் டு டிரிங்க்’ என்றால் குடிக்க முடியாத சூடு. வெறும் ‘ரொம்ப’வுக்கு ‘வெரி’. அந்த ‘வெரி’யும் நேராக வினைக்கு முன்னால் நிற்காது. ‘ஐ வெரி லைக் இட்’ கிடையாது, ‘ஐ லைக் இட் வெரி மச்.’

மூன்றாவது பள்ளம் ‘தான்’. ‘நேத்துதான் வந்தான்’ என்பது ‘யெஸ்டர்டே ஒன்லி ஹி கேம்’ ஆகிறது. தமிழில் ‘தான்’ தான் அழுத்தும் சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். ஆங்கிலத்தில் ‘ஒன்லி’ பெரும்பாலும் தான் கட்டுப்படுத்தும் சொல்லுக்கு முன்னால் நிற்கும். ஆகவே ‘ஹி கேம் ஒன்லி யெஸ்டர்டே’ அல்லது ‘ஹி ஒன்லி கேம் யெஸ்டர்டே.’ ‘குமார் மட்டும்தான் மூணு இட்லி சாப்பிட்டான்’ என்றால் ‘ஒன்லி குமார் ஏட் த்ரீ இட்லிஸ்’. ‘குமார் மூணு இட்லிதான் சாப்பிட்டான்’ என்றால் ‘குமார் ஏட் ஒன்லி த்ரீ இட்லிஸ்.’ இன்னொரு சங்கதியும் உண்டு. ‘அவன்தான் சொன்னான்’ என்பதில் ‘தான்’ அளவைச் சுருக்கவில்லை, ஆளைச் சுட்டுகிறது. அங்கே ‘ஒன்லி’யே வராது. ‘இட் வாஸ் ஹிம்’ என்று சொல்லலாம், அல்லது ‘ஹி’யைக் குரலில் அழுத்திச் சொன்னாலே போதும்.

சலசல, படபட, மளமள போன்ற இரட்டைக்கிளவிகளுக்கு நேரான அட்வெர்ப் தேட வேண்டாம். தாமிரபரணி சலசலவென்று ஓடுவதை ஆங்கிலம் வினைக்குள்ளேயே வைத்துவிடும், ‘தி ரிவர் மர்மர்ஸ்’ என்று. அது சொல்வளம் சார்ந்த வேலை, இலக்கணப் பாடத்தில் அடங்காது.

மொத்தத்தில் தமிழ் வழி ஒரு வாரத்துக்கு நல்ல வழி. அதற்கு மேல் அதிலேயே நின்றால், ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்தையும் தமிழில் யோசித்துத் திருப்புகிற பழக்கம் ஊறிவிடும்.

வகையும் விதியும்

கைடும் டியூஷன் நோட்ஸும் இந்த வழியில்தான் போகின்றன. எப்படி, எங்கே, எப்போது, எத்தனை தடவை, எவ்வளவு என்ற ஐந்து கேள்விக்கு ஐந்து வகை. பிறகு ‘லி’ சேர்க்கும் விதிகள். பிறகு புக் பேக் பயிற்சி, ஒரு மார்க் கேள்வி.

இந்த வழிக்கு ஒரு தெளிவான பலன் உண்டு. எழுத்து விதிகளை வேறு எந்த வழியும் இவ்வளவு சீக்கிரம் தராது. ‘ஹேப்பி’ போல ‘ஒய்’யில் முடிந்தால் ‘ஒய்’ போய் ‘ஐ’ வரும்: ‘ஹேப்பிலி’. ‘ஜென்டில்’ போல ‘எல்-ஈ’யில் முடிந்தால் ‘ஈ’ போய் ‘ஒய்’ மட்டும் வரும். ‘ட்ரூ’வில் கடைசி ‘ஈ’ விழுந்து ‘ட்ரூலி’ ஆகும். அந்த ‘ஈ’யை விடாமல் எழுதுவது அடிக்கடி வரும் பிழை. ‘பேசிக்’ போல ‘ஐ-சி’யில் முடிந்தால் ‘ஏ-எல்-எல்-ஒய்’ சேரும். ‘பப்ளிக்’ மட்டும் விலக்கு, அது ‘பப்ளிக்லி’. ‘கேர்ஃபுல்’ முதலியவற்றில் ‘எல்’ இரண்டாகும். ஒரு ‘எல்’லோடு விடுவதுதான் பேப்பர் திருத்துகிறவர் கண்ணில் முதலில் படும் குறை. இந்த ஐந்தையும் ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம், பிறகு வாழ்நாள் முழுக்கத் தொல்லை இல்லை.

வேடம் போடும் சொற்களையும் இந்த வழிதான் வரிசைப்படுத்தித் தரும். ‘ஃப்ரெண்ட்லி’, ‘லவ்லி’, ‘லோன்லி’, ‘காஸ்ட்லி’ எல்லாம் ‘லி’யில் முடிந்தாலும் அட்ஜெக்டிவ். ‘ஹி ஸ்போக் ஃப்ரெண்ட்லி’ என்று எழுத முடியாது; ‘இன் எ ஃப்ரெண்ட்லி வே’ என்று சுற்றித்தான் வர வேண்டும்.

அதைவிட ஆபத்தான கூட்டம் ஒன்று இருக்கிறது. ‘லி’ சேர்ந்ததும் பொருளே மாறிவிடும் சொற்கள். ‘லேட்’ தாமதமாக, ‘லேட்லி’ சமீபகாலமாக. ‘நியர்’ பக்கத்தில், ‘நியர்லி’ கிட்டத்தட்ட. ‘ஹை’ உயரத்தில், ‘ஹைலி’ மிகவும். எல்லாவற்றையும்விட ‘ஹார்ட்’டும் ‘ஹார்ட்லி’யும். கஷ்டப்பட்டு உழைக்கிறேன் என்று சொல்ல வந்து ‘ஐ ஒர்க் ஹார்ட்லி’ என்று இன்டர்வியூவில் சொன்னால், ‘வேலையே செய்வதில்லை’ என்பதற்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. ‘ஐ ஹார்ட்லி ஒர்க்’ என்றால் சந்தேகமே இல்லை, அதேதான் பொருள். ‘ஹார்ட்லி’, ‘ஸ்கேர்ஸ்லி’, ‘ரேர்லி’ மூன்றும் தமக்குள்ளேயே எதிர்மறையை வைத்திருக்கின்றன. அவற்றோடு ‘நாட்’ சேர்த்தால் இரட்டை எதிர்மறை.

குறை எங்கே? பட்டியல் வழி சொல்லைத் தனியாக எடுத்துக் காட்டுகிறது. கோடிட்ட இடத்தில் சரியான சொல்லை நிரப்பச் சொல்கிறது. கோடு ஏற்கெனவே சரியான இடத்தில் போடப்பட்டிருக்கிறது. அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று பிள்ளையைக் கேட்பதே இல்லை. எழுதும்போதும் பேசும்போதும் கோடு போட்டுத் தர ஆள் இருக்க மாட்டார்.

இடத்தை வைத்துப் படிப்பது

எங்கள் தீர்மானத்தை இங்கேயே சொல்லிவிடுகிறோம். தமிழ் பேசுகிறவருக்கு அட்வெர்பில் தலையாய சிக்கல் சொல் அல்ல, சொல் நிற்கும் இடம். காரணத்தை ஒரே வாக்கியத்தில் காட்டிவிடலாம்.

‘நேத்து – பாளையங்கோட்டையில – நல்லாப் – பேசினான்.’

முதலில் காலம், பிறகு இடம், பிறகு விதம், கடைசியில் வினை. இப்போது ஆங்கிலம்:

‘ஹி ஸ்போக் – வெல் – இன் பாளையங்கோட்டை – யெஸ்டர்டே.’

வினை, விதம், இடம், காலம். தமிழ் வாக்கியத்தை வாலிலிருந்து வாசித்தால் ஆங்கிலம் கிடைக்கிறது. கண்ணாடியில் பார்த்ததுபோல அப்படியே திரும்பி நிற்கிறது. பேச்சில் நம் வரிசை முன்பின்னாக மாறலாம். ஆனால் வினை கடைசியில் நிற்பதும் விதம் அதை ஒட்டி வருவதும் இயல்பு. இந்த ஒரு விஷயத்தை நன்றாகப் பார்த்துக்கொண்ட பிள்ளை, விதம்–இடம்–காலம் என்ற வரிசையைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஆனால் இந்தக் கண்ணாடி இரண்டு இடத்தில் பொய் சொல்லும். முதல் இடம் செயப்படுபொருள். ‘இங்கிலீஷ நல்லாப் பேசுதா’ என்பதை அப்படியே திருப்பினால் என்ன வருகிறது? ‘ஸ்பீக்ஸ் – வெல் – இங்கிலீஷ்.’ தொடக்கத்தில் காட்டிய தப்பு இங்கேதான் பிறக்கிறது. தமிழில் வினையை ஒட்டி நிற்பது விதம். செயப்படுபொருள் ஓர் அடி தள்ளி நிற்கும். ஆங்கிலத்தில் வினையை ஒட்டி நிற்கிற உரிமை செயப்படுபொருளுக்குத்தான். நடுவே யாரையும் விடாது. ஆகவே திருப்பிய பிறகு ஒரு வேலை பாக்கி: செயப்படுபொருளைத் தூக்கி வினைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். ‘ஸ்பீக்ஸ் – இங்கிலீஷ் – வெல்.’ ‘ஐ லைக் வெரி மச் அல்வா’, ‘ஹி டுக் யெஸ்டர்டே லீவ்’, ‘ஷி ரைட்ஸ் நீட்லி தி நோட்ஸ்’ எல்லாவற்றுக்கும் இதே மருந்துதான்.

இரண்டாவது இடம், எத்தனை தடவை என்று சொல்கிற ‘ஆல்வேஸ்’, ‘யூஷுவலி’, ‘ஆஃபன்’, ‘நெவர்’ கூட்டம். இவை கடைசிக்குப் போவதில்லை, நடுவில் உட்காரும். நடு என்பது எது என்பதில்தான் குழப்பம் வரும். சாதாரண வினை ஒன்றே இருந்தால் அதற்கு முன்னால்: ‘தி பஸ் ஆல்வேஸ் ஸ்டாப்ஸ் அட் வண்ணார்பேட்டை.’ ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’ இருந்தால் அதற்குப் பின்னால்: ‘தி பஸ் இஸ் ஆல்வேஸ் லேட்.’ துணைவினை இருந்தால் முதல் துணைவினைக்குப் பின்னால்: ‘ஐ ஹேவ் நெவர் பீன் டு பாபநாசம்.’ துணைவினை இரண்டு மூன்று இருந்தாலும் முதலாவதுக்கு அடுத்து. கேள்வியாக இருந்தால் எழுவாய்க்கு அடுத்து: ‘டூ யூ ஆஃபன் கோ டு குற்றாலம்?’ ‘ஆல்ஸோ’, ‘ஸ்டில்’, ‘ஆல்ரெடி’, ‘ஹார்ட்லி’ ஆகியவையும் பெரும்பாலும் இந்த நடு இருக்கைக்காரர்கள்தான். ‘யெட்’ மட்டும் கடைசிக்குப் போய்விடும்.

முன் இருக்கைக்கு வரக்கூடியவை காலச் சொற்களும் ‘சம்டைம்ஸ்’, ‘யூஷுவலி’ போன்றவையும், முழு வாக்கியத்தைப் பற்றிய பேசுகிறவர் கருத்தைச் சொல்லும் ‘ஃபார்ச்சுனேட்லி’ போன்றவையும். ‘நெவர்’, ‘ரேர்லி’, ‘ஹார்ட்லி’ முன்னுக்கு வந்தால் வாக்கியமே புரண்டுவிடும். துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னால் குதிக்கும். ‘நெவர் ஹேவ் ஐ சீன் சச் ரெயின்.’ ‘ஹார்ட்லி ஹேட் தி டிரெயின் லெஃப்ட் தி ஜங்ஷன் வென் தி ரெயின் ஸ்டார்டட்.’ இதற்கு ஜோடி ‘வென்’. ‘நோ சூனர்’ என்று தொடங்கினால் ஜோடி ‘தேன்’. பேச்சில் இது அபூர்வம், போட்டித் தேர்வில் சாதாரணம்.

‘இனஃப்’ தனி ரகம். மற்ற அளவுச் சொற்களெல்லாம் முன்னால் நிற்க, இது பின்னால் நிற்கும். ‘வெரி ஓல்ட்’, ‘டூ ஓல்ட்’, ஆனால் ‘ஓல்ட் இனஃப்’. பெயர்ச்சொல்லோடு வந்தால் மறுபடி முன்னால் போகும்: ‘இனஃப் மணி’.

பயிற்சிக்கு வேண்டியது பழைய காலண்டர் அட்டையும் கத்தரிக்கோலும். ஒரு வாக்கியத்தின் சொற்களைத் தனித்தனிச் சீட்டாக வெட்டுங்கள். ‘ஷி / ஹேஸ் / ஃபினிஷ்ட் / ஹெர் ஒர்க்’ என்று நாலு சீட்டு. வேறு நிறத்தில் ‘ஆல்ரெடி’, ‘நீட்லி’, ‘அட் ஹோம்’, ‘டுடே’, ‘நெவர்’, ‘பிராபப்லி’ என்று ஆறு சீட்டு. பிள்ளை ஒவ்வொரு அட்வெர்ப் சீட்டையும் எடுத்து அது நிற்கக்கூடிய எல்லா இடைவெளியிலும் வைத்துப் பார்க்க வேண்டும், வைத்ததைச் சத்தமாக வாசிக்க வேண்டும். ‘ஃபினிஷ்ட்’ சீட்டுக்கும் ‘ஹெர் ஒர்க்’ சீட்டுக்கும் நடுவே எந்த நிறச் சீட்டும் வரக் கூடாது. வேண்டுமானால் அந்த இரண்டையும் செலோ டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். எழுதிப் பார்ப்பதைவிட நகர்த்திப் பார்ப்பது கைக்குப் பழகுகிறது. ஒரு நாளைக்கு இரண்டு வாக்கியம், பதினைந்து நிமிடம், மூன்று வாரம். அதற்குள் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இடம் பிடிபட்டுவிடும்.

இந்த வழியின் குறை, நம் பக்கத்துக் கைடுகளில் இது அரைப் பக்கத்துக்கு மேல் கிடைப்பதில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், அல்லது மேலே உள்ளதை வைத்து வீட்டில் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார வேண்டும். சீட்டைத் தப்பாக வைத்தால் தப்பு என்று சொல்ல யாருமில்லாவிட்டால் தப்பே பழகிவிடும்.

காதும் கண்ணும்

ஆங்கிலச் செய்தித்தாள், கிரிக்கெட் வர்ணனை, செய்தி வாசிப்பு. பணச் செலவு குறைவு, காலச் செலவு அதிகம். மற்ற மூன்று வழியும் சரியாகத் தெரிந்த ஒருவருக்கும் தெரியாத ஒன்றை இந்த வழி மட்டுமே தரும்: எந்தச் சொல்லோடு எந்தச் சொல் சேரும் என்பதை. மழை ‘ஹெவிலி’ பெய்யும், ‘ஸ்ட்ராங்லி’ பெய்யாது. அறிவுரை ‘ஸ்ட்ராங்லி’ சொல்வார்கள். நன்றாகத் தூங்குகிறவர் ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’, நன்றாக விழித்திருப்பவர் ‘வைட் அவேக்’. ‘ஃபாஸ்ட்’டுக்கு அங்கே வேகமே இல்லை. இதற்கெல்லாம் விதி கிடையாது, பழக்கம்தான். பொங்கலோடு வடை போகும், பரோட்டாவோடு சால்னா போகும் என்பதுபோல.

தலைப்புச் செய்திகளை வைத்துப் படிக்க வேண்டாம். இடம் போதாமல் அட்வெர்பை முதலில் வெட்டுவார்கள். செய்தியின் மூன்றாவது நாலாவது பத்தியைப் படியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வரும் மழைச் செய்திகளில் இவை தாராளமாகக் கிடைக்கும். நோட்டில் தனிச் சொல்லாக எழுதாமல், முன்னும் பின்னும் உள்ள சொற்களோடு துண்டாக எழுதிக்கொள்ளுங்கள். ‘ஹெவிலி’ என்று மட்டும் எழுதி எதிரே ‘பலமாக’ என்று போட்டால் அது பட்டியல் வழிக்கே திரும்பிவிட்டது. ‘ரெய்ன்ட் ஹெவிலி ஆன் மண்டே’ என்று எழுதினால் சொல்லும் இடமும் சேர்ந்து வரும்.

ஆறு மாதத்துக்குக் குறைந்து பலன் எதிர்பார்க்க முடியாது. அதோடு, நம்மைச் சுற்றிக் காதில் விழும் ஆங்கிலத்தில் ‘யெஸ்டர்டே ஒன்லி’யும் ‘டூ குட்’டும் கலந்தே இருக்கும். இடம் தெரியாமல் காதை மட்டும் நம்பினால் அதுவும் சேர்ந்து உள்ளே போய்விடும்.

யாருக்கு எது

ஆறிலிருந்து எட்டாம் வகுப்புக்குள் இருக்கிற பிள்ளைக்குத் தமிழ் வழியில் ஒரு வாரம், பிறகு சீட்டுப் பயிற்சி. வகைகளின் பெயர் அந்த வயதில் தெரியாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மார்க் வேண்டும், ஆகவே விதி வழியைத் தள்ள முடியாது. எழுத்து விதி ஒரு நாள், பொருள் மாறும் ஜோடிகள் ஒரு நாள், மிச்ச நேரமெல்லாம் இடத்துக்கு. கட்டுரையிலும் கடிதத்திலும் மார்க் குறைவது பெரும்பாலும் அங்கேதான்.

குரூப் 4 மட்டும் எழுதப் போகிறவர் இதற்காக நேரம் செலவழிக்க வேண்டாம். தமிழ் கட்டாயமான பிறகு அதில் பொது ஆங்கிலப் பகுதி இல்லை. வங்கி எழுத்தர் முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்வி, 20 நிமிடம். தப்புக்குக் கால் மார்க் போகும். மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்வி, 50 மார்க்; தப்புக்கு அரை மார்க். ஒரு கேள்விக்கு முக்கால் நிமிடம்கூடக் கிடைக்காத இடத்தில் தமிழில் திருப்பிப் பார்க்க நேரமில்லை. இவர்கள் விதி வழியையும் இட வழியையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் முதலில் பார்க்க வேண்டியவை: ‘ஹார்ட்லி’யோடு ‘நாட்’ இருக்கிறதா, ‘நோ சூனர்’ பின்னால் ‘தேன்’ இருக்கிறதா, ‘அகோ’வோடு ‘ஹேவ்’ இருக்கிறதா, ‘லுக்’, ‘டேஸ்ட்’ போன்றவற்றுக்குப் பின்னால் ‘லி’ வந்திருக்கிறதா.

நர்ஸ் வேலைக்காக ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வு எழுதுகிறவருக்குப் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிடம். மதிப்பிடும் நாலு அளவுகோல்களில் இலக்கணம் ஒன்று, சொல்வளம் ஒன்று. அட்வெர்ப் இரண்டிலும் விழும். இவர்களுக்கு இட வழியும் காது வழியும். அதிலும் ‘ஆல்வேஸ்’, ‘யூஷுவலி’, ‘ஹார்ட்லி எவர்’ மூன்றும் தங்கள் தினசரி வேலையைச் சொல்லும் வாக்கியங்களில் யோசிக்காமல் வந்து விழ வேண்டும்: ‘ஐ யூஷுவலி செக் தி சார்ட் பிஃபோர் ஐ கிவ் தி மெடிசின்.’ இருபது வாக்கியம் இப்படித் தயார் செய்து தினமும் வாய்விட்டுச் சொன்னால் போதும். பட்டியலை அவர்கள் தொடவே வேண்டாம்.

டியூஷனா, செல்போன் செயலியா என்ற கேள்விக்குப் பதில் சுருக்கமானது. செயலி ‘லி’ சேர்ப்பதையும் ஜோடிகளையும் அலுக்காமல் திரும்பத் திரும்பக் கேட்கும், அதற்கு நல்லது. ஏன் தப்பு என்று உங்கள் தமிழிலிருந்து பிடித்துச் சொல்ல ஆள்தான் வேண்டும். டியூஷனில் சேர்க்கும் முன் அங்கே ‘ஷி ஸ்பீக்ஸ் வெல் இங்கிலீஷ்’ ஏன் தப்பு என்று கேளுங்கள். ‘அது அப்படித்தான்’ என்று பதில் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

ஆறு வாரம் கழித்து இந்த ஐந்தையும் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள்: ‘அவன் இன்னும் வரல.’ ‘மாம்பழம் இனிப்பா இருக்கு.’ ‘நாங்க எப்பவும் ஏழு மணிக்குச் சாப்பிடுவோம்.’ ‘அவ நேத்து வீட்டுல பாடத்த நல்லாப் படிச்சா.’ ‘ரெண்டு நாளைக்கு முன்னாடிதான் பார்த்தேன்.’ முதலும் கடைசியும் தப்பினால் தமிழ்ச் சொல் பிரியும் இடத்துக்குத் திரும்ப வேண்டும். இரண்டாவது தப்பினால் ‘இஸ்’ போட்டுப் பார்க்கும் சோதனைக்கு. மூன்றாவதும் நாலாவதும் தப்பினால் சீட்டுகளை மறுபடி வெளியே எடுக்க வேண்டும், அதுவும் ‘ஸ்டடீட்’ சீட்டையும் ‘ஹெர் லெசன்ஸ்’ சீட்டையும் டேப் போட்டு ஒட்டி.